இரண்டு பிறந்த தேதியும் ஒரு சீனத்து அண்ணனும்

1

நேற்று ஆவணி அனுஷம். எனக்கு அறுபத்தொன்று நிறைந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டால் அறுபத்து மூன்று என்று சொல்லும்.

காலையில் டியூட்டிக்குப் போகும் முன் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்று தட்டை நீட்டினேன். வழக்கமாகக் கஞ்சியும் ஆவியில் வெந்த மாவு உருண்டை இரண்டும் வரும். நேற்று ஒரு பெரிய கிண்ணம் நூடுல்ஸ் வந்தது, மேலே ஒரு முட்டை. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்த லாவ் சென் பக்கம் சமையல்காரர் கண்ணைக் காட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். லாவ் சென் என்னோடு ஸ்டோரில் வேலை செய்கிற சீனர். பிறந்தநாளன்று நீளமான நூடுல்ஸ் சாப்பிடுவது அவர்கள் பழக்கம். கடித்துத் துண்டாக்காமல் உறிஞ்ச வேண்டும், அப்போதுதான் ஆயுள் நீளும் என்று நம்பிக்கை. எனக்கு மேல்வரிசையில் நாலு பல் இல்லை. கடிக்காமல் சாப்பிடுவதில் சிரமம் ஒன்றுமில்லை.

போன வருஷம் இதே ஆவணி அனுஷத்தன்று நான் காலையும் சாப்பிடவில்லை, மதியமும் சாப்பிடவில்லை. அது ஏன் என்பதையும், அதற்கு இருபத்து நாலு நாள் கழித்து நடந்ததையும் ஊரில் இருப்பவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே நினைத்தேன். மணப்பாறையில் இதைப் பற்றி இரண்டு மூன்று விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. எல்லாவற்றிலும் தேதி தப்பு.

2

நான் இருக்கும் இடம் அல் கோபாரிலிருந்து முந்நூற்றெழுபது கிலோமீட்டர் உள்ளே, பாலைவனத்தில். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்டுகிறார்கள். கட்டுவது ஒரு சீன நிறுவனம். கேம்ப்பில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர், அதில் சீனர்கள் எண்ணூற்று அறுபத்திரண்டு. இது சென்ற மாதக் கணக்கு. தமிழர்கள் நாங்கள் நாலு பேர். மற்ற மூவரும் சிவகங்கைப் பக்கத்துப் பையன்கள், கேபிள் இழுக்கிறவர்கள். அவர்கள்தான் இந்த இடத்துக்குச் 'சீனாப்பட்டி' என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் பொருத்தம்தான். சவூதி அரேபியாவில் இருக்கிறேன் என்பதே எனக்குச் சில நாட்களில் மறந்துபோகும். நீலக்கூரை போட்ட தகரக் கட்டடங்கள், வாசலில் சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்துகள், மூலைக்கு மூலை வெந்நீர்க் குழாய். ஐம்பது டிகிரி வெயிலிலும் வெந்நீர்தான் குடிப்பார்கள். பன்னிரண்டரைக்கு எல்லாரும் மேசையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள், மேனேஜர் உள்பட. இரண்டு மணி வரை ஸ்டோரில் பேனா விழுந்தாலும் கேட்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து, கட்டடங்களுக்குப் பின்னால் கீரையும் காராமணியும் பாகற்காயும் போட்டிருக்கிறார்கள். பாலைவனத்தில் பாகற்காய் பந்தல் பார்த்தது இங்கேதான். தங்கும் கட்டடங்கள் எட்டு, ஆனால் கடைசிக் கட்டடத்தின் எண் ஒன்பது. நாலு என்ற எண் அவர்களுக்கு ஆகாது என்பதால் மூன்றுக்கு அடுத்தது ஐந்து. சேர்ந்த முதல் வாரம் நான் நாலாவது கட்டடத்தைத் தேடி இரண்டு முறை கேம்ப்பைச் சுற்றி வந்தேன். ஒரு எண்ணைத் தூக்கிவிட்டு எப்படி இவர்களால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

வளைகுடாவில் எனக்கு இது முப்பத்தேழாவது வருஷம். முதலில் ஜுபைல். பிறகு பஹ்ரைனில் ஈசா டவுன், அங்கேதான் மனைவி சரோஜாவும் மகள் நித்யாவும் ஒன்பது வருஷம் என்னோடு இருந்தார்கள். மகள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள், நான் மறுபடி ஜுபைல். அப்புறம் இந்தச் சீனாப்பட்டி. கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம் முடிந்தபோது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈசா டவுன் வருஷங்களையும் லீவு நாட்களையும் கூட்டினால், நானும் சரோஜாவும் ஒரே வீட்டில் இருந்தது பத்து வருஷம் பதினோரு மாதம். இரண்டு தடவை கூட்டினேன். சரியாகத்தான் இருந்தது.

3

லாவ் சென்னுக்கும் எனக்கும் பொது மொழி கிடையாது. எனக்குச் சீனம் பதினெட்டு வார்த்தை தெரியும், அவருக்கு ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம் கூட. மிச்சத்துக்கு அரபியில் இல்லை என்பதற்கு 'மாஃபி', முடிந்தது என்பதற்கு 'கலாஸ்', இந்தியில் 'அச்சா', 'ஜல்தி'. இத்தனையும் போதாதபோது அவருடைய போனில் மொழிபெயர்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அவர் சீனத்தில் பேசினால் அதிலிருந்து ஒரு பெண் குரல் தமிழில் பேசும். அந்தக் குரல் பேசுவது நம் வீட்டில் யாரும் பேசாத தமிழ். போல்ட் பெட்டி எங்கே என்று அவர் கேட்டால், "திருகாணிகள் அடங்கிய பேழையைத் தாங்கள் எவ்விடம் வைத்துள்ளீர்கள்?" என்று கேட்கும். சிவகங்கைப் பையன்கள் இதைக் கேட்பதற்காகவே ஸ்டோருக்கு வந்து நிற்பார்கள்.

சேர்ந்த இரண்டாம் மாதம், மதியத் தூக்கம் முடிந்து எழுந்ததும், அந்தக் குரல் என்னைக் கேட்டது: "தாங்கள் எவ்விலங்கின் ஆண்டில் பிறந்தீர்கள்?"

அவர்களுக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மிருகம் உண்டு. யார் மூத்தவர் என்று தெரியாமல் ஒருவரை எப்படி அழைப்பது என்பதும் நம்மைப் போலவே அவர்களுக்கும் பிரச்சினை. அவர் என்னுடைய அடையாள அட்டையை ஏற்கெனவே பார்த்திருந்தார். "யூ டைகர்," என்றார். என் பாஸ்போர்ட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, ஜூன் ஒன்று. அது புலி வருஷம்.

புலி இல்லை என்று அவருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். எனக்குக் கை நீளம். மூன்றே முக்கால் வயதில் தொட்டுவிட்டேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவும் கேட்டிருக்கிறார். தலைமையாசிரியர் ஆறு வயதுக்குச் சரியாக வரும்படி ஒரு தேதியை எழுதிக்கொண்டார். என் வகுப்பில் முப்பத்தாறு பேரில் இருபத்தொரு பேர் ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள். உண்மையில் நான் பிறந்தது குரோதி வருஷம், ஆவணி மாதம், அனுஷ நட்சத்திரம். ஜாதகத்தில் இருக்கிறது.

குரோதி என்றால் என்ன என்று அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. 'கோபம் கொண்டவன்' என்று மொழிபெயர்த்திருக்க வேண்டும். லாவ் சென் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் கட்டைவிரலை மற்ற விரல்களின் கணுக்களில் வைத்து, அறுபது வருஷங்களுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, அறுபது முடிந்தால் முதல் பெயரே திரும்ப வரும் என்று எண்ணிக் காட்டினேன். அவர் முகம் மாறியது. தன் கையை எடுத்து, கட்டைவிரலால் விரல் கணுக்களில் அதேபோல் எண்ண ஆரம்பித்தார். அவர்களுக்கும் வருஷங்கள் அறுபதுதான். அறுபது முடிந்தால் திரும்ப முதலிலிருந்து. நான் பிறந்தது டிராகன் வருஷம் என்று கண்டுபிடித்தார். அவரும் அதே வருஷம், எனக்கு ஐந்து மாதம் முன்னால்.

"யூ ஸ்மால்," என்றார், மிகுந்த திருப்தியோடு. "மீ பிக்."

அன்றிலிருந்து நான் அவரை அண்ணே என்று கூப்பிடுகிறேன். அவர் திரும்பிப் பார்க்கிற ஒரே தமிழ் வார்த்தை அதுதான்.

4

ஜூன் ஒன்று என் பிறந்தநாள் இல்லை என்பது என் மகளுக்குத் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

ஈசா டவுனில் இருந்தபோது அவளுடைய பள்ளிச் சேர்க்கைக்கு எங்கள் எல்லாருடைய பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்தோம். அவள் அதைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டாள். அடுத்த ஜூன் ஒன்றாம் தேதி ஒரு வாழ்த்து அட்டை வரைந்து தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் திருத்தவில்லை. குழந்தை எங்காவது அலுவலகத்தில், எங்கப்பா பிறந்தது அந்தத் தேதியில் இல்லை என்று சொல்லிவைத்தால் என்ன ஆவது என்று பயம். எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஜூன் ஒன்றாம் தேதியும் கேக் வெட்டினேன். ஒன்பது கேக். சரோஜா மட்டும் ஆவணி அனுஷத்தன்று பாயசம் வைப்பாள். நித்யா எதற்குப் பாயசம் என்று கேட்டால் சும்மாதான் என்போம்.

நித்யா இப்போது ஜெர்மனியில், கணவரோடும் மகனோடும் இருக்கிறாள். பேரன் என்னை 'ஓபா' என்கிறான். அந்த ஊரில் தாத்தாவுக்கு அதுதான் பெயராம். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாக்கியத்தின் நடுவில் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பாஸ்போர்ட் கணக்கில் அறுபது ஆனது. நான் லீவில் மணப்பாறை போயிருந்தேன். எனக்குத் தெரியாமல் அவள் ஜெர்மனியிலிருந்து வந்து மண்டபம் பேசி, புரோகிதரைப் பேசி, நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு சொல்லிவைத்திருந்தாள். ஜூன் ஒன்று, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம்.

நான் உட்கார மாட்டேன் என்றேன்.

அதற்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியானவை. அறுபதாம் கல்யாணம் என்பது பிறந்த வருஷமே திரும்பி வரும்போது, பிறந்த மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் செய்துகொள்வது. குரோதி வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. தப்பான நாளில் செய்வதற்குச் செய்யாமலே இருக்கலாம். இதை நான் கூடத்தில் நின்றுகொண்டு, விரலில் எண்ணி எண்ணிச் சொன்னேன். புரோகிதர் தலையாட்டினார். நித்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ ரியல் டேட் எதுன்னு என்கிட்ட ஏன்ப்பா ஒரு தடவைகூட சொல்லல?" என்று கேட்டாள். அவள் மண்டபத்துக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னாள். நாலு நாளில் கிளம்பிவிட்டாள். அதன்பிறகு வாரா வாரம் அம்மாவோடு பேசுவாள், என்னிடம் 'சாப்பிட்டீங்களா' என்ற ஒன்றைக் கேட்பாள்.

நான் இங்கே திரும்பும் நாளன்று சரோஜா பெட்டியைக் கட்டிக்கொண்டே, "குரோதிக்கு வந்துருவீங்கல்ல?" என்று கேட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் செய்ததில் அவள் என்னிடம் கேட்ட பொருள் என்று சொல்ல எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இது ஒன்றைக் கேட்டாள். வருவேன் என்றேன்.

5

குரோதி வந்தது. சித்திரையிலேயே லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆவணி இருபத்தைந்தாம் தேதி அனுஷம். அதற்குப் பத்து நாள் முன்னால் கிளம்புவதாகத் திட்டம். சரோஜா ஊரில் அதே மண்டபத்தைப் பேசிவைத்தாள்.

ஆடி மாதம் என் இக்காமா காலாவதி ஆயிற்று. இக்காமா என்பது இங்கே குடியிருக்க அனுமதிக்கும் அட்டை. அது உயிரோடு இல்லாவிட்டால் நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் அனுமதி கிடைக்காது. வருஷா வருஷம் தானாகப் புதுப்பித்துவிடுவார்கள். இந்த முறை வரவில்லை. எங்கள் நிறுவனத்துக்கு அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் மந்தூபிடம் போனேன். நல்ல மனிதர், சின்ன வயது. கணினியைப் பார்த்துச் சொன்னார்: வயது அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த வருஷத்திலிருந்து இன்சூரன்ஸ் தனியாகப் போடவேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்திருக்கிறது, அந்தத் தாள் வந்தால்தான் புதுப்பிக்க முடியும்.

நான் அறுபதைத் தாண்டவில்லை என்று சொன்னேன். அவர் என் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார்.

தலைமையாசிரியர் கூட்டி எழுதிய இரண்டு வருஷம் ஜூன் மாதக் கேக்கில் தொடங்கி இங்கே வந்து நின்றது. காது தொட்டதை மந்தூபிடம் எந்த மொழியில் சொல்வது? பதினேழு தடவை அவரிடம் போய்க் கேட்டேன். பதினேழு தடவையும் "புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்றார். நாளைக்கு, கடவுள் நினைத்தால். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பதினேழாவது தடவை அவரே எழுந்து எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஆவணி இருபத்தைந்து கேம்ப்பிலேயே விடிந்தது. மண்டபத்தை இரண்டாவது முறையாக வேண்டாம் என்று சொல்லியாயிற்று. சரோஜா போனில் அழவில்லை. "பாயசம் வச்சேன், எதிர்வீட்டுக்குக் குடுத்தேன்," என்றாள். அன்றுதான் நான் சாப்பிடவில்லை. லாவ் சென் இரண்டு வேளையும் என் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது வேளை தட்டோடு போனையும் வைத்தார். "உணவைப் புறக்கணிப்பதன் காரணத்தைத் தமையனுக்குத் தெரிவிக்க," என்றது அந்தப் பெண் குரல். சொன்னேன். கேட்டுவிட்டு, தனக்கும் அறுபது ஆனபோது சமையலறையில் தனியாக நூடுல்ஸ் சாப்பிட்டதாகவும், மனைவியைப் பார்த்து இரண்டு புதுவருஷம் ஆயிற்று என்றும் சொன்னார். அப்புறம் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் நித்யா என்னைக் கூப்பிட்டாள். அம்மாவை அல்ல, என்னை. சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

"அப்பா, உங்களால வெளிய வர முடியாது. அம்மா உள்ள வரலாம்ல?"

எனக்கு விளங்கவில்லை. பேரன் பிறந்தபோது சரோஜா ஜெர்மனி போயிருந்தாள். அந்த ஐரோப்பிய விசா அவள் பாஸ்போர்ட்டில் இன்னும் செல்லுபடியாக இருந்தது. அந்த விசா இருப்பவர்களுக்குச் சவூதி விசா வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம், ஊர் சுற்றிப் பார்க்கவென்று. இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருக்கிற எனக்கு இது தெரியாது. எங்கேயோ இருக்கிற என் மகள் இரண்டு நாளில் எடுத்துவிட்டாள். ஆனால் டிக்கெட் கிடைத்தது அக்டோபர் மூன்றாம் தேதிக்குத்தான்.

நான் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எனக்குக் கிடைப்பது மறுநாள், வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு நாள். புரட்டாசி பதினெட்டு. புரட்டாசியில் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் செய்வதில்லை. நட்சத்திரம் சித்திரை, என்னுடையது இல்லை. என்னால் காலை பத்தரைக்கு முன்னால் போய்ச் சேரவும் முடியாது, அதற்கப்புறம் ராகு காலம். எந்தக் கணக்கிலும் அது சரியான நாளாக வரவில்லை. நித்யா வைத்த ஜூன் ஒன்றில் வருஷம், மாதம், நட்சத்திரம் என்று மூன்று தப்பு. இதிலும் மூன்று.

பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, வரச்சொல் என்றேன்.

6

அல் கோபாரில் ரஹீம் இருக்கிறார். ஜுபைலில் என்னோடு ஒரே ரூமில் ஐந்து வருஷம் இருந்தவர், காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் அவர் மனைவி பாத்திமாவும் வியாழக்கிழமை விமான நிலையம் போய்ச் சரோஜாவைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

நான் வெள்ளி காலை கிளம்பவேண்டும். காலாவதியான இக்காமாவோடு முந்நூற்றெழுபது கிலோமீட்டர். கையில் நிறுவனம் கொடுத்த ஒரு கடிதம், புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கிறது என்று. அதை மூன்று பிரதி எடுத்தேன். லாவ் சென் வண்டி எடுத்தார். நான் கேட்கவில்லை. அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இஸ்திரி போட்ட சட்டை, ஈரம் போட்டு வாரிய தலை. பின் சீட்டில் சமையலறையிலிருந்து வாங்கிய ஒரு பெரிய கட்டு நூடுல்ஸ்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் கடிதத்தைப் படித்தார், என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கே போகிறாய் என்றார். என் அரபியில் 'என் மனைவி வந்திருக்கிறாள்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தது, சொன்னேன். பிறந்த தேதியை மறுபடி பார்த்தார். "போ, யா ஹாஜி," என்று கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பெரியவரைக் கூப்பிடும் மரியாதை அது. அந்தத் தேதியால் எனக்கு ஒரு நல்லது நடந்தது என்றால் அது அன்றைக்கு ஒரு முறைதான்.

சேரும்போது பத்து நாற்பது. ராகு காலம் ஆரம்பித்துவிட்டது. சரோஜா கதவைத் திறந்தாள். பதினாலு மாதம் கழித்துப் பார்க்கிறேன். மாம்பழ நிறப் புடவை. "என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க," என்று கேட்டுவிட்டு, பின்னால் நின்ற லாவ் சென்னைப் பார்த்து, "வாங்க," என்றாள். அவர் குனிந்து வணங்கினார். நூடுல்ஸ் கட்டை இரண்டு கையாலும் நீட்டினார். சரோஜாவும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டுக்கு அப்புறம்தான் எதுவும் செய்ய வேண்டும் என்றேன். ரஹீம் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அண்ணே, நான் இல்லாம ஆரம்பிச்சிராதீங்க. ஒங்க ராவு காலமும் எங்க ஜும்ஆவும் ஒண்ணா முடியும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவரை பாத்திமா நூடுல்ஸை என்ன செய்வது என்று லாவ் சென்னிடம் கையால் கேட்க, அவர் கையால் சொல்ல, இரண்டு பேரும் அடுப்படியில் நின்றார்கள். நானும் சரோஜாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் ஒரு பித்தளைச் சம்புடம். மணப்பாறையிலிருந்து கொண்டுவந்தது. உள்ளே மஞ்சள் கயிற்றில் புதுத் தாலி, கொஞ்சம் அட்சதை.

"ஐயர் இல்ல, மந்திரம் இல்ல. அறுபது குடம் தண்ணி ஊத்தணும், ஒரு குடமும் இல்ல," என்றேன்.

"குளிச்சுட்டுத்தானே வந்தீங்க," என்றாள் சரோஜா.

பன்னிரண்டரைக்கு ரஹீம் வந்தார். பாத்திமா போனில் நித்யாவை அழைத்து, நாங்கள் இருவரும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். அங்கே காலை நேரம். நித்யா தலையில் துண்டோடு இருந்தாள். பேரன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து 'ஓபா' என்று கையாட்டினான்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அட்சதை போட்டு ஆசி சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். ரஹீம் இளையவர், பாத்திமா அவருக்கும் இளையவள். அந்த வீட்டில் என்னைவிட மூத்தவர் ஒருவர்தான் இருந்தார். அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்தார்.

சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளே போய், "அண்ணே, வாங்க," என்று கூப்பிட்டாள். அந்த வார்த்தைக்கு அவர் திரும்பினார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாங்கள் காட்டிய இடத்தில் கிழக்குப் பார்த்து நின்றார். நானும் சரோஜாவும் சேர்ந்து விழுந்து கும்பிட்டபோது பதறி, எங்களைத் தூக்கப் பார்த்தார். அவர் உள்ளங்கையில் அட்சதையை வைத்து, தாலி கட்டும்போது தலையில் போட வேண்டும் என்று நடித்துக் காட்டினேன். அவர் அரிசியைப் பார்த்துவிட்டு, "ஹவ் மெனி?" என்று கேட்டார். ஸ்டோர்க்காரர் அல்லவா. எண்ண வேண்டாம் என்று நான் சொல்லவேண்டியதாயிற்று.

சம்புடத்திலிருந்து தாலியை எடுத்தேன். போனிலிருந்து நித்யாவின் குரல் வந்தது.

"அப்பா. இன்னிக்கு கரெக்ட் டேட்டா?"

கேலி கொஞ்சம் இருந்தது. கேலி மட்டும் இல்லை.

"இல்லம்மா," என்றேன். "மாசமும் தப்பு, நட்சத்திரமும் தப்பு. நீ அன்னிக்கு வச்ச நாளே இதுக்குத் தேவலை. அன்னிக்கு நான் உக்காந்திருக்கணும்."

அவள் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "சரிப்பா, கட்டுங்க. அம்மா எவ்ளோ நேரம் குனிஞ்சுக்கிட்டே இருப்பாங்க," என்றாள்.

சரோஜா ஒரு கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக் குனிந்திருந்தாள். கழுத்தின் பின்பக்கம் நரைமுடி மெல்லியதாகச் சுருண்டிருந்தது. பழைய கயிற்றுக்கு மேலாக இதைப் போட்டேன். லாவ் சென் அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருந்தார், கிள்ளிக் கிள்ளி. முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். எங்கள் கல்யாணத்தில் நான் போட்டது அந்த ஒன்றுதான். மற்ற இரண்டையும் நாத்தனார் போட வேண்டும். அன்று என் தங்கை போட்டாள். அவள் இறந்து ஆறு வருஷம்.

பாத்திமா போனை ரஹீமிடம் கொடுத்துவிட்டு, "நான் போடவா மச்சி?" என்று முன்னால் வந்தாள். மச்சி என்றால் அவர்கள் ஊரில் அண்ணி.

"இல்ல பாத்திமா," என்றாள் சரோஜா, குனிந்தபடியே. "அவரே போடட்டும்."

இரண்டாவது முடிச்சு விழுந்துவிட்டது. மூன்றாவதுக்குக் கயிற்று நுனி கையில் நிற்கவில்லை. எனக்கு விரல் மூட்டுகளில் இரண்டு வருஷமாக வலி, கண்ணாடியையும் சட்டைப்பையிலேயே விட்டிருந்தேன். ஒரு முறை நழுவியது, இன்னொரு முறை நழுவியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரிசி தீர்ந்துபோய் லாவ் சென் வெறுங்கையோடு நின்றார்.

"ஒண்ணும் அவசரம் இல்ல," என்றாள் சரோஜா. "மெதுவாப் போடுங்க."